பந்தியில் நம் பிள்ளை: சீலியாக் நோயுள்ள குழந்தையோடு விசேஷ வீட்டுக்குப் போகிறவர்களுக்கு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்த பிறகு சொந்தக்காரர்களும், இதே நோயுள்ள பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் கேட்டுவருகிற கேள்விகள் இவை. எங்கள் வீட்டில் என் பக்கம் கோவில், அவர் பக்கம் சர்ச். ஆகையால் கல்யாணம், கொடை, ஓணம், கிறிஸ்துமஸ் என்று வருஷம் முழுக்க யாராவது ஒருவர் வீட்டில் இலை போட்டுக்கொண்டே இருப்பார்கள். பரிசோதனை, மாத்திரை பற்றியெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. இலையில் என்ன விழுகிறது என்பதைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் அதிகாரமாகவே பேசுவேன்.

சீலியாக் என்றால் கோதுமை அலர்ஜியா?

இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால், அவர் உடம்பின் எதிர்ப்பு சக்தி அவருடைய சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். சத்தை உள்ளே இழுக்கிற குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகும். பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறாது. வயிறு உப்பும், ரத்தம் குறையும், வளர்த்தி நிற்கும். இதைக் குணமாக்க மருந்து கிடையாது. குளூட்டனை முழுதாக விலக்குவதுதான் வைத்தியம். விலக்கிவிட்டால் குடல் தேறிவிடும், பிள்ளையும் ஓடியாடி வளரும்.

மைதா, ரவை, ஆட்டா, சேமியா, சம்பா ரவை எல்லாமே கோதுமைதான். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. "கோதுமையே சேர்க்கல்ல, கொஞ்சம் ரவைதான் போட்டேன்" என்று முழு நம்பிக்கையோடு சொல்கிறவர்கள் நம் குடும்பங்களில் நிறைய.

வளர்ந்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. ஆயுசுக்கும் இருக்கும்.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு நோயைக் கேள்விப்பட்டதே இல்லையே?

பெயர் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். 1888-இல் சாமுவேல் கீ என்ற லண்டன் டாக்டர் இந்த நோயைத் தெளிவாக விவரித்து, சரியாக வேண்டுமானால் சாப்பாட்டு வழியாகத்தான் ஆக வேண்டும் என்றும் எழுதிவைத்தார். எந்தச் சாப்பாடு என்று அவருக்குத் தெரியவில்லை. 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் இந்தப் பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தையே பிரதான உணவாகக் கொடுத்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள். பழத்தில் ஏதோ மருந்து இருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பினார்கள். உண்மையில் அந்த உணவுமுறையில் ரொட்டி இல்லை, அதுதான் விஷயம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45-இல் நெதர்லாந்தில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தபோது சீலியாக் பிள்ளைகள் தேறியதையும், ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி விழுந்ததையும் வில்லெம் டிக்கே என்ற டாக்டர் கவனித்தார். கோதுமைதான் காரணம் என்பது அதற்குப் பிறகே உறுதியானது.

இந்தியாவில் கோதுமை அதிகம் தின்கிற வடக்கில் இந்த நோய் அதிகம், தெற்கில் குறைவு. அதனால்தான் இங்கே பலருக்குப் பெயரே புதிதாக இருக்கிறது. வீட்டில் பாட்டா "இதெல்லாம் இப்பத்தைய நோய்" என்றால் வாழைப்பழக் கதையைச் சொல்லுங்கள். மட்டிப்பழக் குலை தொங்குகிற வீட்டில் அந்தக் கதை நன்றாக எடுபடும்.

நம்ம ஊர் சோறு தின்கிற ஊர்தானே, கல்யாண இலையில் என்ன பயம்?

பாதி சரி. நாஞ்சில் நாட்டுக் கல்யாணச் சாப்பாட்டைப் போல இந்தப் பிள்ளைகளுக்கு இணக்கமான விருந்து வேறு எங்கேயும் கிடைப்பது அரிது. சோறு, பருப்பு, நெய், அவியல், எரிசேரி, துவரன், தயிர்ப்பச்சடி, இஞ்சிக்கறி, ஓலன், புளிசேரி எல்லாம் அரிசி, தேங்காய், காய்கறி, தயிர் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றுபவை. அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் தனி இலை. எச்சில் தட்டு, பொதுத் தட்டு என்ற பேச்சே இல்லை.

மீதிப் பாதியைக் கவனிக்க வேண்டும். இலையின் இடது ஓரத்திலிருந்து வாருங்கள். ஏத்தங்காய் உப்பேரியும் சர்க்கரை உப்பேரியும் நல்லவைதான், ஆனால் எந்த எண்ணெயில் பொரித்தது? அதே எண்ணெயில் முந்திரிக்கொத்தோ சுசியமோ பொரித்திருந்தால், மேல்மாவில் இருந்த மைதா எண்ணெயில் இருக்கும். சூட்டில் குளூட்டன் அழியாது. பப்படம் உளுந்து என்றுதான் பெயர், விலை குறைக்க மைதா கலப்பவர்கள் உண்டு. என் மகள் இலையில் வெளிப் பப்படம் விழ விடுவதில்லை, வீட்டிலிருந்து பொரித்துக் கொண்டுபோவேன். சாம்பார், ரசத்தில் பெருங்காயம். அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது, கீழே வருகிறது.

கடைசியில் பாயாசம். சிறுபருப்புப் பிரதமனும் சக்கப் பிரதமனும் பயமில்லாதவை. அடைப்பிரதமனில் அடை அரிசியில் செய்ததாக இருக்க வேண்டும். பாக்கெட் அடை என்றால் பாக்கெட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள். சேமியா பாயாசம் கூடவே கூடாது. நம் பக்கத்தில் இன்னொரு வில்லன் உண்டு: போளி. மைதாவில் செய்தது. அதை இலையில் பிய்த்துப் போட்டு மேலே பால் பாயாசத்தை ஊற்றிப் பிசைவார்கள். பக்கத்து இலைக்காரர் உற்சாகத்தில் பிசையும்போது என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் பிள்ளையைப் பந்தியின் ஓரத்தில் உட்கார வைத்து, பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் இலையிலும் அன்றைக்குப் போளி வேண்டாம்.

பரிமாறுகிறவர்கள் பாயாச வாளிக் கரண்டியை அடுத்த வாளியில் போடுவது சர்வ சாதாரணம். பிள்ளைக்கு வேண்டியதை வாளிக்கு வரும் முன்பே ஆக்குப்புரையில் பெரிய பாத்திரத்திலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

பெருங்காயத்தில் என்ன இருக்கிறது?

கடையில் கிடைக்கிற பெருங்காயத்தில் பெரும்பாலானவை கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பிசினை அப்படியே போட்டால் காரம் தாங்காது என்பதால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பல நேரங்களில் மைதா அல்லது கோதுமை மாவு. தூளில் மட்டுமல்ல, கட்டியிலும் இருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும். அரிசி மாவு சேர்த்துச் செய்யும் பெருங்காயமும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும்.

சாம்பார், ரசம், ஊறுகாய், முறுக்கு, சுண்டல் என்று நம் சமையலில் அது நுழையாத இடமில்லை. கோதுமையைத் தொடாத வீட்டில் பிள்ளைக்கு எண் இறங்கவில்லை, அதாவது ரத்தத்தில் டிடிஜி (இந்த நோயில் ஏறுகிற ஒரு எதிர்ப்புப் பொருள்) அளவு குறையவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். வெளியே சாப்பிடும்போது சாம்பாரையும் ரசத்தையும் விட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பருப்பும் நெய்யும், அவியல், தயிர் போதும். எந்தப் பிள்ளையும் ரசம் கேட்டு அழுததில்லை.

ஒரே ஒரு துளி கொடுத்தால் என்ன ஆகிவிடும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சீலியாக் உள்ள பெரும்பாலானவர்களின் குடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் குளூட்டன் வரைதான் தாங்கும் என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. மைதாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் 100 மில்லிகிராம் மைதாவிலேயே அந்த அளவு வந்துவிடும். அது ஒரு சிட்டிகைகூட இல்லை. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம் இருக்கிறது. 'குளூட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான்.

உதிர்ந்த கேக் துணுக்கு, கையில் ஒட்டிய பரோட்டாத் துண்டு, அதே கத்தி, அதே கண்ணாப்பை எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

சமையல்காரரிடம் எப்படிப் பேசுவது?

கல்யாணத்துக்கு முந்தின நாள் காய்கறி வெட்டும் இரவுதான் சரியான நேரம். தவசிப்பிள்ளை அப்போது கொஞ்சம் சாவகாசமாக இருப்பார், நாலு பேர் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பார்கள். பந்தி நடக்கும்போது போய்க் கேட்டால் யாராக இருந்தாலும் "எல்லாம் நல்லதுதான், கொண்டு போங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

"குளூட்டன் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். அவருக்குப் பொருட்களின் பெயர் தெரியும், புரதங்களின் பெயர் தெரியாது. "அண்ணாச்சி, அவியலுக்குக் கெட்டியாக மாவு ஏதாவது கரைச்சு ஊத்துவீங்களா? எரிசேரிக்குத் தாளிப்பில் காயம் போடுவீங்களா? பப்படம் பொரிக்கிற எண்ணெயில் வேற என்ன பொரிக்கிறீங்க?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர்களுக்குத் தொழில் கேள்வி பிடிக்கும். நான் பேசிய சமையல்காரர் ஒருவர் உடனே ஒரு சின்னச் சருவத்தை இழுத்துவைத்து, "காயம் போடும் முன்னால பிள்ளைக்கு இதுல எடுத்து வச்சிருதேன், மூடி போட்டு" என்றார். மறுநாள் அந்தச் சருவத்தின் மூடிமேல் ஒரு செங்கல் இருந்தது. யாரும் திறந்து கரண்டி போடக் கூடாதாம்.

இப்படி ஒருவர் கிடைத்தால் சரி. அவர் பதில் தடுமாறினால், அல்லது "அதெல்லாம் ஒண்ணும் செய்யாது" என்றால், வாக்குவாதம் வேண்டாம். சோறும் தயிரும் பழமும் மட்டும் அங்கே, மற்றதெல்லாம் உங்கள் டிபன் பாத்திரத்திலிருந்து.

பகல் சாப்பாடு சரி, இரவு ரிசப்ஷன்?

அதுதான் கஷ்டம். வெள்ளைத் துணி விரித்த மேசையில் பரோட்டா, பக்கத்தில் கோபி மஞ்சூரியன், பக்கத்தில் ஃப்ரைடு ரைஸ். மஞ்சூரியனில் மைதாவும் உண்டு, சோயா சாஸ் வழியாகக் கோதுமையும் உண்டு. ஃப்ரைடு ரைஸ் பெயரில்தான் அரிசி, சாஸ் அதேதான். கோழி வறுவலுக்கு மைதாவில் புரட்டியிருப்பார்கள். தோசைக் கல்லில் அதற்கு முன் பரோட்டா சூடாகியிருக்கும். பிரியாணி பரவாயில்லை என்று நினைப்போம், ஆனால் தம் போடும்போது அண்டா மூடியைப் பிசைந்த மைதா மாவால் ஒட்டி அடைப்பார்கள். திறக்கும்போது அது உள்ளே உதிரும்.

ரிசப்ஷனுக்குப் பிள்ளைக்கு வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்துவிட்டுப் போகிறோம். அங்கே போய் ஐஸ்கிரீம் மட்டும், அதுவும் கப்பில். கோன் கோதுமை. பிஸ்கட், கேக் துண்டு கலந்த ஐஸ்கிரீமும் வேண்டாம். ஸ்கூப் போடுகிறவர் ஒரே கரண்டியை எல்லா டப்பாவிலும் விடுவார் என்பதால் மூடி போட்ட சின்னக் கப் இருந்தால் மட்டுமே வாங்குவோம்.

நாம் தனியாகச் சாப்பாடு கொண்டுபோனால் அழைத்தவர்கள் மனம் வருந்த மாட்டார்களா?

முதல் தடவை வருந்துவார்கள். அழைப்பிதழ் வைக்க வரும்போதே சொல்லிவிட்டால் அந்த வருத்தமும் இருக்காது. "பிள்ளைக்கு டாக்டர் சொன்ன பத்தியம் இருக்கு, அவளுக்குள்ளதை நானே கொண்டு வந்துருதேன். இலை மட்டும் அவளுக்கும் போடணும் மாமி" என்று நான் சொல்வேன். பத்தியம் என்றால் நம் ஊரில் யாரும் குறுக்கே பேசுவதில்லை, பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து எல்லாருக்கும் அது பழக்கம். இலை போடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. மற்ற பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடுவதுதான் பிள்ளைக்கு விசேஷம். எவர்சில்வர் டப்பாவைத் தனியாக ஒரு அறையில் வைத்து ஊட்டினால் அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஆகிவிடும்.

வெளியே போவதையே நிறுத்திக்கொண்ட குடும்பங்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் பயம் புரிகிறது. ஆனாலும் அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா கல்யாணத்துக்குப் போகாமல் வளர்கிற பிள்ளை, பெரிதான பிறகு தன் சாப்பாட்டைக் கேட்டு வாங்கவும் மறுக்கவும் எங்கே படிக்கும்?

ஆச்சி கேட்க மாட்டேன் என்கிறார். மறைவாக ஊட்டிவிடுகிறார்.

நிறையப் பேர் கேட்கிற கேள்வி இதுதான், கொஞ்சம் அழுதுகொண்டே கேட்கிறார்கள். ஆச்சிக்குப் பிள்ளைமேல் பகை இல்லை. "ஆசை காட்டிட்டுக் கொடுக்காம இருந்தா பிள்ளைக்கு ஏங்கிரும்" என்ற பயம். அந்தப் பயத்தோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. மருமகள் போட்டால் நிச்சயம் முடியாது.

இரண்டு வழிகள் எங்களுக்குப் பலித்தன. ஒன்று, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஆச்சியையும் அழைத்துப் போவது. நாம் வாயே திறக்க வேண்டாம். டாக்டர் குடல் படத்தைக் காட்டி "பாட்டி, நீங்க கொடுக்கிற ஒரு பிஸ்கட் இங்க போய்ப் புண்ணாக்குது" என்று சொன்னால் போதும்.

இன்னொன்று, ஆச்சிக்கு வேலை கொடுப்பது. கொடுக்கக் கூடாது என்பதைவிட, இதைச் செய்து கொடுங்கள் என்பது அவருக்கு எளிது. அரிசி முறுக்கு, இலைக் கொழுக்கட்டை, சர்க்கரை உப்பேரி என்று எதையாவது அவர் பொறுப்பில் விடுங்கள். எங்கள் வீட்டில் விசேஷத்துக்குப் போகும்போது பிள்ளையின் பலகார டப்பா ஆச்சி மடியில்தான் இருக்கும். இப்போது யாராவது கேக்கை நீட்டினால் முதலில் சத்தம் போடுவது அவர்தான். கொஞ்சம் அதிகமாகவே போடுகிறார், அது வேறு விஷயம்.

மாவை மட்டும் மில்லில் திரிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை திரித்திருப்பார், நம் பாத்திரத்தில் முதலில் விழுவது அந்த மாவுதான். அரிசியைக் களைந்து உலர்த்தி மிக்ஸியில் பொடிப்பது நல்லது. சல்லடையும் முறுக்கு அச்சும் பிள்ளைக்கென்று தனியாக இருக்கட்டும். சல்லடைக் கண்களுக்குள் ஒட்டிய மாவைக் கழுவி எடுப்பது லேசில்லை.

பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டும்போது என்ன செய்வது?

அரிசி மாவில் வீட்டிலேயே சின்னக் கேக்குகள் செய்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். அழைப்பு வந்தால் ஒன்றை எடுத்து க்ரீம் தடவி டப்பாவில் போட்டுக்கொள்வேன். முடிந்தால் விழா வீட்டில் எந்த நிற க்ரீம் என்று கேட்டு அதே நிறம். நாலு வயதுப் பிள்ளைக்கு ருசியைவிட நிறம் முக்கியம்.

கேக் வெட்டியதும் பெரியவர்கள் ஆளாளுக்கு ஒரு துண்டு எடுத்துக் கண்ணில் படுகிற பிள்ளை வாயில் எல்லாம் வைப்பார்கள். அந்த ஐந்து நிமிஷம் பிள்ளை உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும். போட்டோ எடுக்கப் போய்விடாதீர்கள். வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற பொதியை வழியிலேயே பிரித்துப் பார்த்து, பிஸ்கட்டையும் வேஃபரையும் எடுத்துவிட்டு பென்சிலையும் பலூனையும் கையில் கொடுங்கள். விளையாடக் கொடுக்கும் களிமண் போன்ற வண்ண மாவு, கடையில் வாங்கியதானால், அநேகமாகக் கோதுமை மாவுதான். தொடுவதால் ஒன்றும் ஆகாது. சின்னப் பிள்ளை தொட்ட கையை எங்கே வைக்கும் என்பதுதான் பிரச்சினை.

கோவில் பிரசாதம்?

மறுப்பது கஷ்டமான இடம் இது. மண்டைக்காடு கொடைக்குப் போய் நாமே பொங்கலிட்டால் பானையும் நம்முடையது, அரிசியும் நம்முடையது, கவலையே இல்லை. சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம், அவல், தேங்காய், பழம், சுசீந்திரம் அனுமாருக்குச் சாத்துகிற வெண்ணெய் எல்லாம் தைரியமாகக் கொடுக்கலாம். ஆடிச் செவ்வாய்க் கொழுக்கட்டையும் வீட்டு அரிசி மாவு என்றால் கொடுக்கலாம். கேசரி கூடாது. உண்ணியப்பத்தில் சிலர் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பார்கள், கேட்காமல் வேண்டாம். சுண்டலில் பெருங்காயம். வடை எண்ணெயைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மாவிடம் கொடுக்கப் பிள்ளையைப் பழக்கியிருக்கிறோம். கொடுத்தவருக்கும் குறையில்லை, சாமிக்கும் இருக்காது.

திருவிருந்தில் கொடுக்கும் அப்பம்? மூத்தவளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாகத் திருவிருந்து வாங்கும் நாள், வருகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை விதிப்படி அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும். குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் செல்லும் என்று வத்திக்கான் 2003-இல் தெளிவாக்கியது, 2017-இல் மீண்டும் சொன்னது. அதையும் எடுக்க முடியாதவர், அனுமதியோடு, திராட்சை இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். அதுவே முழுத் திருவிருந்து. ஒரு நுணுக்கம் உண்டு: பூசையில் குருவானவர் அப்பத்தின் சிறு துண்டைப் பாத்திரத்து இரசத்தில் இடுவார். ஆகவே பிள்ளைக்குத் துண்டு போடாத தனிப் பாத்திரம் வேண்டும். இதைப் புதுநன்மை வகுப்பு தொடங்கும்போதே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். சி.எஸ்.ஐ. சபையாக இருந்தால் போதகரிடம் இதேபோல முன்கூட்டியே பேசுங்கள்.

கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு வீடு வீடாக வருமே?

வரும், திரும்பவும் போகும். கேக், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து மூன்றும்தான் தட்டில் பிரதானம். அச்சு முறுக்கு அரிசி மாவில் செய்வதுதான் பழைய வழக்கம். மொறுமொறுப்புக்கு மைதா கலக்கிற வீடுகளும் உண்டு. முந்திரிக்கொத்தின் உள்ளே பயறும் சர்க்கரையும் தேங்காயும், மேலே முக்கியெடுக்கிற மாவில்தான் சந்தேகம். ஆப்பத்துக்குச் சில வீடுகளில் ரவையைக் கப்பி காய்ச்சி மாவில் சேர்ப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திராட்சை வைன் போடும்போது ஒரு பிடி கோதுமையை உள்ளே போடுகிற பழக்கமும் நம் பக்கம் இருக்கிறது. பிள்ளைக்கு விரலால் தொட்டு நாக்கில் வைக்கிற பெரியப்பாக்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தட்டை வாங்கி உயரத்தில் வையுங்கள். பிள்ளைக்குத் தனி டப்பா.

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாக் கடைகளில் பஜ்ஜி, அல்வா பக்கம் போகாமல் வேகவைத்த சோளம், தோலோடு வறுத்த கடலை, பஞ்சுமிட்டாய் என்று சுற்றிவரலாம்.

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் வாங்கி வருகிறார்கள். சத்துதானே?

ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லி மால்ட்டும் இருக்கிறது. மால்ட் என்று எழுதியிருந்தாலே பார்லி என்று எடுத்துக்கொள்ளுங்கள், பல சத்துபானங்களும் கார்ன்ஃப்ளேக்ஸும் இதில் அடங்கும். அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவிலும் கோதுமை உண்டு, டீச்சரிடம் சொல்லிவையுங்கள். வருகிறவர்களிடம் "மட்டிப்பழம் ஒரு சீப்பு கொண்டு வாங்க" என்று முன்னாடியே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் செலவு குறைவு.

சின்னப் பிள்ளைக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

மூன்று வயதிலேயே ஒரு விதி புரியும்: அம்மா, அப்பா, ஆச்சி மூவரில் ஒருவரைக் கேட்காமல் யார் கொடுத்தாலும் வாயில் வைக்கக் கூடாது. காரணம் பிறகு சொல்லலாம். "இது கெட்ட சாப்பாடு" என்று சொல்லாதீர்கள். அண்ணன் தின்கிறானே, அவன் கெட்டவனா என்று கேட்பாள். "இது உன் வயித்துக்கு ஒத்துக்காது" போதும்.

பெரியவர்களுக்கும் ஒரு விதி வேண்டும். விசேஷ வீட்டில் எந்த நேரத்திலும் ஒருவர் பொறுப்பு, வாயால் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்: "இனி நீங்க பாத்துக்கோங்க, நான் புடவை மாத்திட்டு வாரேன்." எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தெரியாமல் தின்றுவிட்டாள். இப்போது என்ன செய்ய?

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குளூட்டனை முறிக்கிற மருந்தோ கஷாயமோ எதுவும் கிடையாது. சில பிள்ளைகளுக்குச் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரும், சிலருக்கு அடுத்த நாள் எரிச்சலும் சோர்வும் மட்டும் இருக்கும். தண்ணீர், கஞ்சித் தண்ணீர், தேவைப்பட்டால் ஓஆர்எஸ் கொடுத்துப் படுக்க வையுங்கள். வாந்தி நிற்காமல், குடித்த தண்ணீரும் தங்காமல், சிறுநீர் குறைந்து பிள்ளை துவண்டுபோனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எதைத் தின்றாள், எவ்வளவு என்று எழுதிவைத்து அடுத்த தடவை டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு தடவையில் குடல் முழுக்கப் பாழாகிவிடாது, திரும்பத் திரும்ப நடந்தால்தான் ஆபத்து. ஊட்டிவிட்டவரை எல்லார் முன்னாலும் திட்டுவதால் பலனில்லை, அடுத்த தடவை நடந்தால் மறைத்துவிடுவார்.

ஒன்றுமே ஆகாமலும் போகலாம். அப்போதுதான் "பாத்தியா, தின்னா, நல்லாத்தானே இருக்கா" என்பார்கள். வெளியே தெரியாமலே உள்ளே குடல் புண்ணாகும் என்பதுதான் இந்த நோயின் சங்கடம். பதில் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

எங்கள் பிள்ளைக்கும் வயிறு உப்புகிறது. கோதுமையை நிறுத்திப் பார்க்கட்டுமா?

நிறுத்தாதீர்கள். முதலில் டாக்டரிடம் போய் டிடிஜி ரத்தப் பரிசோதனை, தேவையானால் எண்டோஸ்கோப்பி செய்து திசு எடுத்துப் பார்க்க வேண்டும். கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகும். ஒரு பிள்ளைக்குச் சீலியாக் உறுதியானால் கூடப்பிறந்தவர்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் சோதித்துப் பார்ப்பது நல்லது, அறிகுறி இல்லாவிட்டாலும்.

பரோட்டா தின்ற கையோடு பிள்ளையைத் தூக்கலாமா, முத்தம் கொடுக்கலாமா?

தோல் வழியாகக் குளூட்டன் உள்ளே போகாது, தாராளமாகத் தூக்கலாம். முத்தத்துக்கு முன் வாயைக் கொப்பளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். சானிடைசர் கிருமியைத்தான் கொல்லும், மாவு அப்படியே இருக்கும்.